நோயுற்றார்க்கு ஓர் ஆற்றுப்படை: முற்றிய சூலகப் புற்றுநோய் மருந்தாய்வில் சேரத் தக்கவர் யார்?

சவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் அமைந்துள்ள செங்கம், தமிழிலக்கியம் பயில்வோர்க்குப் புதிய ஊர் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் போற்றும் நன்னன் சேய் நன்னனின் செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்தாகும். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்பது மற்றொரு பெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதே அதன் பொருள். அவன் பரிசிலின் பெருமையை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவதில்லை. பன்றிகளுக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், புனங்காப்போர் எறியும் கவண்கல், கால் வழுக்கும் பாறை ஆகிய அனைத்தையும் எடுத்துரைத்தே அனுப்புகின்றான்.

இன்று அதே மண்ணிலிருந்து, வேறொரு தேவையோடு, வேறொரு பயணம் நிகழ்கின்றது. புற்றுநோய் கண்ட பெண்கள் திருவண்ணாமலைக்கும், வேலூருக்கும், காஞ்சிபுரத்திற்கும், சென்னைக்கும் செல்கின்றனர். அங்கே சிலரிடம், “புதிய மருந்து ஒன்றை ஆய்ந்து வருகின்றோம், அதில் சேர விருப்பமா?” என்று கேட்கப்படுகின்றது. சிலரிடம், “உங்களால் அதில் சேர இயலாது” என்று கூறப்படுகின்றது. முன்னவர், “நம்மைச் சோதனை எலியாக்குகின்றனரோ?” என அஞ்சுகின்றனர். பின்னவர், “நாம் ஏழைகள் என்பதால் ஒதுக்கிவிட்டனரோ?” என வருந்துகின்றனர். இவ்விரு ஐயங்களுக்கும் விடை காண, மருந்தாய்வில் சேர்வதற்குரிய விதிகளையும் அவற்றின் காரணங்களையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நோயின் இயல்பு

சூலகம் என்பது கருப்பையின் இருமருங்கிலும் அமைந்து, கருமுட்டையை உருவாக்கும் சிறிய உறுப்பு. சினைப்பை என்றும் இதனை வழங்குவர். இங்குத் தோன்றும் புற்று நெடுநாள் தன்னை வெளிக்காட்டுவதில்லை. வயிறு உப்புதல், சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்தாற்போல் இருத்தல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றை வாயுத் தொல்லை எனக் கருதி மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்ப்போர் பலர். 2022ஆம் ஆண்டிற்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வாண்டில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 33,000 பேர் இதனால் இறந்தனர்.

இந்நோயை நான்கு நிலைகளாகப் பகுப்பர். முதல் நிலையில் அது சூலகத்தோடு நிற்கும். இரண்டாம் நிலையில் இடுப்புக்குழிக்குள் பரவும். மூன்றாம் நிலையில் வயிற்றறையின் உட்சவ்விலோ நிணநீர்க் கணுக்களிலோ படரும். நான்காம் நிலையில் நுரையீரலைச் சூழ்ந்த நீர், கல்லீரலின் உட்பகுதி போன்ற தொலைவான இடங்களை எட்டும். மூன்றாம், நான்காம் நிலைகளையே ‘முற்றிய நோய்’ என்கின்றோம். நலமுடன் உள்ள பெண்களை முன்கூட்டியே சோதித்து உயிர் காக்க இயலுமா என்று பிரிட்டனில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நிகழ்ந்த பேராய்வின் இறுதி முடிவு 2021இல் வெளிவந்தது. அச்சோதனைகளால் இறப்பு குறையவில்லை என்பதே அம்முடிவு. ஆகவே நோய் முற்றிய பின்னரே பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருகின்றனர். அவர்கட்கு அறுவை மருத்துவமும், கார்போபிளாட்டின், பக்ளிடாக்செல் என்னும் மருந்துகளை மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக ஏறத்தாழ ஆறு சுற்றுகள் ஏற்றும் மருத்துவமும் அளிக்கப்படுகின்றன. நோய் அடங்குவது உண்மை. ஆயின் பலருக்கு மீண்டும் தலையெடுப்பதும் உண்மை. புதிய மருந்துகளைத் தேடும் இன்றியமையாமை இங்குதான் பிறக்கின்றது.

மருந்தாய்வு என்பது யாது?

இன்று ‘வழக்கமான மருத்துவம்’ என்று நாம் ஏற்றுக்கொண்டது யாவும் நேற்று ஆய்வில் இருந்ததே. பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பக்ளிடாக்செல், ஆய்வில் சேர முன்வந்த பெண்களாலேயே பயன் உறுதி செய்யப்பட்டு, 1992இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது.

மனிதரிடம் நிகழும் மருந்தாய்வு பொதுவாக மூன்று கட்டங்களை உடையது. முதற்கட்டம், எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்பதைச் சிலரிடம் காண்பது. இரண்டாம் கட்டம், அம்மருந்து நோயைச் சுருக்குகின்றதா என்பதைக் காண்பது. மூன்றாம் கட்டம், நடப்பிலுள்ள சிறந்த மருத்துவத்தோடு புதியதைப் பலரிடம் ஒப்பிடுவது. மூன்றாம் கட்டத்தில் யாருக்கு எது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுப்பதில்லை. குடவோலை எடுப்பது போலக் குலுக்கல் முறையில் அது முடிவு செய்யப்படும். சில ஆய்வுகளில் ஒரு பிரிவினர்க்கு மருந்தற்ற வெற்று மாத்திரை தரப்படுவதுண்டு. ஆனால், பயன் உறுதியான மருத்துவம் இருக்கும்போது அதனை மறுத்துவிட்டு வெற்று மாத்திரையை மட்டும் கொடுப்பது அறமாகாது.

சேர்ப்பு விதிகள்

ஒவ்வோர் ஆய்விற்கும் எழுதப்பட்ட நெறிமுறை ஒன்று உண்டு. அதில் சேர்ப்பு விதிகள், விலக்கு விதிகள் என இருபகுதி அமைந்திருக்கும். ஆய்வுக்கு ஆய்வு இவை மாறுபடும் எனினும், பொதுவானவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, நோயின் சான்று. சூலகம், கருக்குழாய், வயிற்று உட்சவ்வு ஆகியவற்றுள் ஒன்றில் தோன்றிய புற்று என்பது திசு ஆய்வினால் உறுதிப்பட வேண்டும். இம்மூன்றும் இயல்பால் ஒத்தவை ஆதலின் ஒருங்கு வைத்து எண்ணப்படுகின்றன. இரத்தத்தில் சி.ஏ.125 மிகுந்திருப்பது மட்டும் போதிய சான்றாகாது.

இரண்டாவது, நோயின் நிலையும் காலமும். புதிதாகக் கண்டறியப்பட்டவர்க்கு ஓர் ஆய்வு. நோய் மீண்டவர்க்கு வேறோர் ஆய்வு. மீண்டவருள்ளும், பிளாட்டின வகை மருந்து முடிந்து ஆறு மாதம் கடந்தபின் நோய் மீண்டவரையும், ஆறு மாதத்திற்குள் மீண்டவரையும் வேறுபடுத்துவர். முன்னவர்க்கு அம்மருந்து மீண்டும் பயன் தரக்கூடும். பின்னவர்க்கு அது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஆகவே, எந்த மருந்து, எத்தனை முறை, எந்நாளில் முடிந்தது என்னும் குறிப்புகள் பொன்போலக் காக்கப்பட வேண்டியவை.

மூன்றாவது, உடலின் செயல்திறன். இதனைச் சுழியம் முதல் நான்கு வரை எண்ணால் குறிப்பர். முன்போலவே கொல்லை வேலையும் வீட்டு வேலையும் செய்பவர் சுழியம். சாமைக் கொல்லையில் களையெடுக்க இயலாவிடினும், சோறாக்குதல் போன்ற இலேசான வேலைகளைச் செய்பவர் ஒன்று. வேலை செய்ய இயலாது. எனினும் தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொண்டு, பகற்பொழுதில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுபவர் இரண்டு. பாதிக்கு மேல் படுக்கையில் கழிப்பவர் மூன்று. முழுதும் படுக்கையில் இருப்பவர் நான்கு. பெரும்பாலான ஆய்வுகள் சுழியத்தையும் ஒன்றையும், சில இரண்டையும் ஏற்கின்றன.

நான்காவது, குருதியும் உள்ளுறுப்புகளும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியன போதிய அளவில் இருத்தல் வேண்டும். மருந்தை உடலினின்று நீக்குபவை கல்லீரலும் சிறுநீரகமும் ஆதலின், அவை செவ்வனே இயங்குதல் வேண்டும். குருதிநிறமியின் அளவு 9 அல்லது 10 கிராமுக்குக் குறையலாகாது எனப் பல ஆய்வுகள் வரையறுக்கின்றன.

ஐந்தாவது, நோயின் உள்ளடையாளம். இக்காலத்து ஆய்வுகளில் இதுவே தலையாய விதியாகி வருகின்றது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். உயிரணுவின் மரபுப்பொருளில் ஏற்படும் முறிவைப் பழுதுபார்க்கப் பல வழிகள் உண்டு. பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணு பழுதுற்ற புற்றணுவில் அவற்றுள் ஒரு வழி முன்பே தூர்ந்துவிட்டது. ஓலாபாரிப் என்னும் மாத்திரை மற்றொரு வழியையும் அடைத்துவிடும். இரு பாதையும் அடைபட்ட ஊர் பிழைக்காதவாறு போல அப்புற்றணு மடியும். இக்கருத்தைச் சோதித்த ‘சோலோ-1’ என்னும் ஆய்வில் 391 பெண்கள் சேர்ந்தனர். மூன்றாம் அல்லது நான்காம் நிலை நோய், அம்மரபணுவில் பழுது, முதல் மருத்துவத்திற்கு நோய் இணங்கியிருத்தல் ஆகிய மூன்றும் உடையவரே அதில் சேரலாம். 2018இல் முதல் முடிவு வெளிவந்தது. ஏழாண்டுக் கணக்கில், மருந்து பெற்ற பிரிவில் 67 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் 46.5 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். அம்மரபணுப் பழுது இல்லாதவரை இந்த ஆய்வு சேர்க்காதது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்; அவரிடம் முதற்பாதை தூர்ந்திருக்கவில்லை.

விலக்கு விதிகள்

கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் பொதுவாக விலக்கப்படுவர். மருந்து சேயைத் தாக்கக்கூடும். கட்டுக்கடங்கா இதயநோய், கடுந்தொற்று, அண்மையில் வேறொரு புற்றுநோய் கண்டிருத்தல் ஆகியனவும் தடையாகலாம். குடலடைப்பு உடையவர் மாத்திரை வடிவ மருந்தாய்வில் சேர இயலாது. விழுங்கிய மருந்து உடலிற் சேராது.

விலக்கு விதி எவ்வாறு மருந்தின் இயல்பிலிருந்தே பிறக்கின்றது என்பதற்கு மற்றோர் ஆய்வு சான்று பகரும். பிளாட்டின மருந்துக்கு இணங்காத நோயுடைய 453 பெண்கள் சேர்ந்த ‘மிராசோல்’ ஆய்வு, மிர்வெடுக்சிமாப் என்னும் ஊசிமருந்தை வழக்கமான மருந்துகளோடு ஒப்பிட்டது. இம்மருந்து புற்றணுவின் மேலுள்ள ஃபோலேட் ஏற்பி ஒன்றைத் தேடிப் பற்றி, தான் சுமந்துவரும் நஞ்சை அதனுள் இறக்கும். எனவே அவ்வேற்பி மிகுதியாக உள்ளவரே சேர்க்கப்பட்டனர். அம்மருந்து கண்ணின் கருவிழிப்படலத்தைப் பாதிக்கும். எனவே சில கண்ணோய் உடையோர் விலக்கப்பட்டனர். 2023இல் வெளிவந்த முடிவின்படி, புதிய மருந்து பெற்றவரின் இடைநிலை வாழ்நாள் 16.46 மாதம், ஏனையோர்க்கு 12.75 மாதம். வேறுபாடு ஏறத்தாழ நான்கு திங்களே. ‘புதிய மருந்து’ என்றவுடன் முழுக்குணம் என எண்ணலாகாது என்பதற்கும் இதுவே பாடம்.

நாட்டு மருந்து உண்போரும் அதனை மறைத்தல் தகாது. சில வேர்களும் தழைகளும் கனிகளும் ஆய்வு மருந்தின் அளவை உடலில் கூட்டவோ குறைக்கவோ வல்லவை. அவ்வாறே நோன்பும் விரதமும் மேற்கொள்வோர், மாத்திரையின் வேளைபற்றி மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். கேட்பதில் நாணம் இல்லை. கூறாமையால் கேடு உண்டு.

விதிகள் நீதியானவையா?

இவ்விதிகளுக்கு இரு நோக்கங்கள் உண்டு. ஒன்று, தாங்க இயலாதவரைத் தீங்கினின்று காத்தல். மற்றொன்று, வினாவிற்குத் தெளிவான விடை பெறுதல். பலவகை நோயாளரைக் கலந்துவிட்டால் பயன் மருந்தால் விளைந்ததா, வேறொன்றால் விளைந்ததா என்பது புலப்படாது. ஆகவே, “சேர இயலாது” என்னும் சொல் அப்பெண்ணின் மதிப்பைக் குறித்த தீர்ப்பு அன்று. ஓர் ஆய்வுக்குப் பொருந்தாதவர் மற்றோர் ஆய்வுக்குப் பொருந்தலாம். எதிலும் சேராதவர்க்கும் வழக்கமான மருத்துவம் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும்.

எனினும், விதிகள் அளவுக்கு மீறி இறுகினால் வேறொரு தீமை விளையும். வலிய உடலும் வசதியும் உடையவரிடமே மருந்து சோதிக்கப்பட்டால், குருதிச்சோகையும் முதுமையும் உடைய கிராமத்துப் பெண்ணிடம் அது எவ்வாறு செயற்படும் என்பதை எவரும் அறியார். இதனை உணர்ந்தே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2017இல், தேவையற்ற விலக்கு விதிகளைத் தளர்த்துமாறு பரிந்துரைத்தது. செங்கத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், மேலே சமுனாமரத்தூர்ப் பகுதியிலும் வாழும் பெண்களுக்கு எழுதப்படாத விலக்கு விதிகள் வேறு சில உண்டு. பேருந்து வசதி, ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு வர ஆளின்மை, தொலைந்துபோன பழைய சீட்டுகள் ஆகியனவே அவை. குருதிச்சோகையை மருந்தாலும் குருதியேற்றத்தாலும் சீர்செய்து மீண்டும் சோதிக்கலாம். சீட்டுகளை ஒரு பையில் இட்டுக் காக்கலாம். பயணச்செலவை ஆய்வு நடத்துவோர் ஈடுசெய்வரா என்று கேட்கலாம். எழுதப்படாத இவ்விதிகளுள் பலவற்றைச் சமுதாயமே நீக்க இயலும்.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், அதனைத் தம் வாழ்வாகவே கொண்டு 2021இல் மறைந்த டாக்டர் வி.சாந்தாவின் தொண்டும், வறியவர்க்கும் உயர்ந்த மருத்துவம் உரியது என்னும் கொள்கைக்குத் தமிழகத்தின் சான்றுகள். அக்கொள்கை ஆய்வுக்கும் பொருந்தும்.

இசைவு யாருடையது?

எல்லா விதிகளுக்கும் மேலான விதி, நோயாளி அறிந்து அளிக்கும் இசைவு. இதனை மீறியதால் நேர்ந்த துயரங்களை உலகம் அறியும். 1947இல் நியூரம்பர்க் நெறிகளும், 1964இல் எல்சிங்கி அறிக்கையும் தோன்றியமை அதனாலேயே. நம் நாட்டிலும் மருந்தாய்வுகளில் நிகழ்ந்த முறைகேடுகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 2013இல் கடுமையாகத் தலையிட்டது. இன்று நடப்பிலிருப்பவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள். அவற்றின்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தரப்பட வேண்டும். அவர் படிக்கத் தெரியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதும் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். ஆய்வால் ஊறு நேரின் இலவச மருத்துவமும், நிலையான ஊறோ மரணமோ விளையின் இழப்பீடும் உண்டு. எப்பொழுது வேண்டுமாயினும் காரணம் கூறாமலே விலகலாம். அதனால் அவருக்குரிய வழக்கமான மருத்துவம் குறைதல் கூடாது.

நம் குடும்பங்களில் மருத்துவரிடம் பேசுபவர் கணவர் அல்லது மகன். நோயின் பெயரைக் கூட நோயாளியிடம் கூறாது மறைப்பதை அன்பென்று கருதுகின்றோம். ஆயின் தன் நோயை அறியாத பெண் எதற்கு இசைவு தருவார்? அறிவுத் தெளிவுடைய பெண்ணின் இசைவு அவருடையதே. கணவரின் கையொப்பம் அதற்கு ஈடாகாது. உடனிருந்து ஆறுதல் கூறுவதும் ஐயம் தெளிவிப்பதும் சுற்றத்தாரின் கடமை. முடிவெடுப்பது அவர் உரிமை. மரபணுச் சோதனையின் முடிவு மகளுக்கும் மகனுக்கும் பொருந்தக்கூடியது. அது வெளிப்பட்டால் மகளின் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சமும் உண்டு. ஆகவே, அம்முடிவு யாரிடம் கூறப்படும், எவ்வாறு காக்கப்படும் என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

கேட்க வேண்டியவை

ஆய்வில் சேர அழைக்கப்படுவோர் பின்வருவனவற்றைக் கேட்பது நலம். இவ்வாய்வு எந்தக் கட்டத்தைச் சார்ந்தது? இதில் சேராவிடின் எனக்குக் கிடைக்கும் மருத்துவம் யாது? குலுக்கல் உண்டா, வெற்று மாத்திரை உண்டா? எத்தனை முறை வர வேண்டும்? செலவு யாருடையது? தெரிந்த பக்கவிளைவுகள் யாவை? ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் இதன் எண் யாது? இறுதி வினா மிகவும் தேவையானது. 2007இல் தொடங்கப்பட்ட அப்பதிவேட்டில் மருந்தாய்வுகளைப் பதிவு செய்தல் 2009ஆம் ஆண்டு சூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்டது. சேர்ப்பு விதிகளும் விலக்கு விதிகளும் அதில் வெளிப்படையாக உள்ளன. இணையத்தில் எவரும் காணலாம்.

இங்கேதான் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் பணி இருக்கின்றது. பதிவேடு ஆங்கிலத்தில் உள்ளது. அதனைப் படித்துத் தமிழில் விளக்கக் கல்லூரி மாணவரால் இயலும். எழுத்தறியாத மூதாட்டிக்குச் சார்பற்ற சாட்சியாக அமர ஆசிரியரால் இயலும். 2019 விதிகளின்படி ஒவ்வோர் அறநெறிக் குழுவிலும் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். அவருள் பொதுமக்களுள் ஒருவர், சட்டம் அறிந்தவர், பெண் ஒருவர், சமூகவியல் அல்லது சமயவியல் போன்ற துறை சார்ந்தவர் இடம்பெற வேண்டும். பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். ஆகவே ஊர்ப் பெரியோர்க்கும் சமய அறிஞர்க்கும் சட்டமே அவ்விருக்கையில் இடம் வைத்துள்ளது. அவ்விடத்தை ஏற்று, “இத்தாளை எங்கள் ஊர்ப் பெண்ணால் புரிந்துகொள்ள இயலுமா?” என்று ஒருமுறை கேட்டாலே போதும், பல உயிர்க்கு அது காவலாகும்.

வழியின் பயனையும் இடரையும் ஒருசேரக் கூறுவதே நேர்மையான ஆற்றுப்படை. அதனைக் கேட்டபின் ஒரு பெண், “சேர்கின்றேன்” எனினும், “வேண்டா” எனினும், இரண்டும் அறிவார்ந்த விடையே. அவ்விடையை மதிக்கக் கற்ற சமுதாயத்தில் மருந்தாய்வு அச்சத்திற்குரியதாக இராது. வருங்காலத்துப் பெண்களுக்கு இக்காலத்துப் பெண்கள் விட்டுச்செல்லும் அறக்கொடையாகவே திகழும்.